தெரியாத பெரிய ஏரியில் வசந்தகாலத் தூண்டில் பயணம்: எந்த வாரம், எந்த நீர், எந்தப் படகு?

குளிர்காலத்தில் பனிக்கட்டி உறையும் பெரிய ஏரி ஒன்றின் வரைபடத்தை முதன்முறையாக விரித்துப் பார்ப்பவருக்கு எல்லா இடமும் மீன் இருக்கும் இடமாகவே தோன்றும். எத்தனையோ குடாக்கள், தீவுகள், ஆற்று வாய்கள். கோடையில் அந்த எண்ணம் ஓரளவு சரி. வசந்தகாலத்தில் சரிப்பட்டு வராது. குளிர் விலகி நீர் சூடேறத் தொடங்கும் அந்தச் சில வாரங்களில் பல இன மீன்கள் ஏரியின் சிறு பகுதிகளுக்குள் வந்து திரளுகின்றன. மீதிப் பரப்பில் நாள் முழுதும் வீசினாலும் தங்கூசி அசையாமல் போகலாம். திரளும் இடம் எது, திரளும் வாரம் எது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அறையையும் படகையும் பதிவு செய்துவிட்டால் பிறகு மாற்றுவதற்கு அதிகம் மிச்சமிருக்காது.

தேதி, மீன் இனம், ஏரியின் பகுதி ஆகிய மூன்றையும் ஒருசேர உறுதி செய்துவிட்டுப் போகலாம் என்ற நினைப்புதான் இத்தகைய பயணங்களைக் கெடுக்கிறது. வசந்தம் ஆண்டுக்கு ஆண்டு இரண்டு மூன்று வாரம்கூட முன்பின் நகரும். ஆகவே மூன்றில் ஒன்றையாவது தளர்த்தி வைக்க வேண்டும். பலர் இடத்தைத் தளர்த்துகிறார்கள்; போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பழக்கமில்லாத பெரிய ஏரியில் இதைவிட மோசமான தேர்வு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. இடத்தை இறுக்கிப் பிடியுங்கள். மீன் இனத்தைத் தளர்த்துங்கள். தேதி எப்படியும் வேலையும் குடும்பமும் அனுமதிப்பதுதான். அதில் செய்யக்கூடியது கொஞ்சமே. ஆனால் அந்தக் கொஞ்சத்தைக் கவனமாகச் செய்தால் பலன் பெரிது.

எந்த வாரம்?

வசந்தகால மீன்பிடிப்பில் நாட்காட்டியைவிட வெப்பமானியை நம்ப வேண்டும். நீர் மிக அடர்த்தியாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில். பனிக்கட்டி உருகியபின் மேல்நீர் சூடேறி அந்த அளவை நெருங்கும்போது கனத்துக் கீழிறங்குகிறது. காற்றும் சேர்ந்துகொள்ள, ஏரி மேலிருந்து அடிவரை கலந்து ஒரே வெப்பநிலைக்கு வருகிறது. அதற்குப் பிறகு விழும் வெயில் மேலடுக்கை இலகுவாக்கி, மேலேயே தங்கவைத்துச் சூடாக்குகிறது. ஆழமற்ற குடாவில் இவ்வளவும் சில நாட்களில் முடிந்துவிடும். ஆழமான நடு ஏரியில் பல வாரங்கள் ஆகும்.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு வட அமெரிக்காவின் பேரேரிகளே சாட்சி. சுப்பீரியர் ஏரியின் சராசரி ஆழம் 147 மீட்டர். மிக ஆழமான இடம் 406 மீட்டர். ஜூன் மாதத்திலும் அதன் நடுப்பரப்பு 4 டிகிரியை ஒட்டியே கிடக்கும். ஈரி ஏரியின் மேற்குப் பகுதியோ சராசரியாக ஏழு மீட்டருக்குச் சற்றே அதிகமான ஆழம்தான். அங்கே ஏப்ரலில் வால்ஐ (walleye) எனப்படும் வேட்டை மீன்கள் பாறைத் திட்டுகளிலும் மாமீ ஆற்றிலும் முட்டையிட்டுக்கொண்டிருக்கும். அதே ஈரி ஏரியின் கிழக்குப் பகுதி 64 மீட்டர் வரை ஆழமானது; அங்கே நீர் சூடேற இன்னும் காலம் பிடிக்கும். ஆகவே 'அந்த ஏரிக்கு எந்த மாதம் போகலாம்' என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்காது. எந்தப் பகுதி என்று சேர்த்துக் கேட்டால்தான் கிடைக்கும்.

தேர்ந்தெடுக்கக்கூடிய காலம் மூன்றாகப் பிரிகிறது. முதலாவது, பனிக்கட்டி விலகிய உடனே வரும் நாட்கள். நீர் 4 முதல் 7 டிகிரி இருக்கும். பைக் (pike) எனப்படும் கூர்பல் வேட்டை மீன் இந்தக் குளிரிலேயே, வெள்ளம் ஏறிய புல்லும் செடியும் உள்ள மிக ஆழமற்ற நீரில் முட்டையிடுகிறது. ஏரி ட்ரௌட் முட்டையிடுவது இலையுதிர் காலத்தில். ஆனாலும் 10 டிகிரி அளவிலான குளிர்நீரை விரும்பும் அது, கோடையில் அடியாழத்துக்குப் போய்விடுவதற்கு முன், இப்போது கரையோரம் வரை இரைதேடி வருகிறது. ஆழத்து மீனைக் கரையிலிருந்தே பிடிக்க ஆண்டில் கிடைக்கும் அரிய வாய்ப்பு இது. ஆபத்தும் இந்தக் கட்டத்தில்தான் அதிகம். பனிக்கட்டி இன்னும் முழுதாக விலகாமல் இருக்கலாம். படகுத்துறை திறக்கப்படாமல் இருக்கலாம். காற்று திரும்பினால் உடைந்த பனித்தகடுகள் குடாவின் வாயை அடைத்துவிடலாம்.

இரண்டாவது, நீர் 7 முதல் 12 டிகிரி வரை இருக்கும் காலம். வால்ஐ முட்டையிட்டு முடித்துப் பசியோடு பரவத் தொடங்குகிறது. பெர்ச் மீன்கள் கரையோரச் செடிகளிலும் மூழ்கிய கிளைகளிலும் நாடா போன்ற முட்டைச் சரத்தைச் சுற்றிவிடும் நேரம். பைக் மீன்கள் குடாவின் உட்புறத்தை விட்டு வாய்ப்பக்கம் நகர்கின்றன. பாஸ் மீன்கள் ஆழத்திலிருந்து மேலேறி, முட்டையிடும் இடத்துக்கு அருகே கூடி நிற்கின்றன. மூன்றாவது, 13 டிகிரிக்கு மேல். ஸ்மால்மவுத் பாஸ் முதலிலும், 15 டிகிரி தாண்டியதும் லார்ஜ்மவுத் பாஸும் சரளையிலும் மணலிலும் கூடமைத்து முட்டையிடும் பருவம். தெளிந்த நீரில் கண்ணாலேயே கூட்டைக் காணலாம். மீன் கிடைப்பதைப் பொறுத்தவரை இதுதான் மிக எளிது.

எளிது என்பதற்காக மூன்றாவதைத் தேர்ந்தெடுக்க எனக்கு மனம் வருவதில்லை. கூட்டைக் காக்கும் ஆண் பாஸ் இரைக்காகக் கடிப்பதில்லை. முட்டையைக் காப்பதற்காகக் கடிக்கிறது. அதைத் தூக்கிப் புகைப்படம் எடுத்துத் திரும்ப விடுவதற்குள் சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். பல இடங்களில் சட்டமே இதைத் தடுக்கிறது. தடுக்காத இடத்திலும் விட்டுவிடுவது நல்லது. முதல் காலமோ அந்த ஏரியை அறிந்தவர்களுக்கு ஏற்றது. பழக்கமில்லாத நீரில் முதன்முறை போகிறவருக்கு இரண்டாவதையே பரிந்துரைப்பேன். அப்போது ஒரே குடாவில் பல இன மீன்கள் வெவ்வேறு ஆழங்களில் நிற்கின்றன. வசந்தம் பத்து நாள் முந்தினாலும் பிந்தினாலும் ஏதோ ஓர் இனம் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். மீன் இனத்தைத் தளர்த்தச் சொன்னது இதற்காகத்தான். வால்ஐ மட்டுமே வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பவர் கடைசி வாரம்வரை தேதியை உறுதி செய்யாமல் காத்திருக்கத் தயாராக வேண்டும்.

தேதியை முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டும் என்றால், எந்த வாரத்தில் பனிக்கட்டி விலகுகிறது என்பதைக் கடந்த ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களில் நீங்களே பார்க்கலாம். ஐரோப்பிய சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் இலவசம். ஒரே இடத்தைச் சுமார் ஐந்து நாளுக்கொருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில் காட்டுகின்றன. மேகம் மறைத்த நாட்களை விட்டுவிட்டுப் பார்த்தாலும் எந்தக் குடா முதலில் திறக்கிறது, எது கடைசியில் திறக்கிறது என்பது தெளிவாகிவிடும். நான்கைந்து ஆண்டுப் படங்களை ஒப்பிட்டு, விலகும் தேதிகளில் மிகப் பிந்தியதை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மூன்று வாரம் தள்ளிப் பதிவு செய்வது பாதுகாப்பான கணக்கு. அணைகட்டி உருவான ஏரி என்றால் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். மட்டம் தாழ்ந்த ஆண்டில் படகை இறக்கும் சரிவுத்தளம் தண்ணீரைத் தொடாமலேயே நின்றுவிடும். மட்டம் உயரும்போதோ கரைப்புதர்கள் மூழ்கி, மீன் எல்லாம் அந்தப் புதருக்குள் போய்விடும்.

எந்த நீர்?

இதைத்தான் நீண்ட நேரம் யோசிக்க வேண்டும். வாரத்தைத் தவறாகக் கணித்தாலும் சரியான பகுதியில் இருப்பவர் சமாளித்துவிடுவார். சரியான வாரத்தில் தவறான பகுதியில் இருப்பவருக்குச் சமாளிக்க வழியில்லை.

காற்று படாத ஆழமற்ற குடா, ஆறு வந்து விழும் இடம், பெரிய நீரைப் பார்த்து நீண்டிருக்கும் பாறை முனைகளும் திட்டுகளும் என்று மூன்று வகை இடங்கள் வசந்தத்தில் கருதத் தக்கவை.

குடா மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சூடேறுகிறது. வட அரைக்கோளத்தில் ஏரியின் வடகரைக் குடாக்கள் தெற்கு வெயிலை நேராக வாங்குகின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைக் கரையே தடுத்துவிடுகிறது. தென் அரைக்கோளத்தில் இது அப்படியே தென்கரைக்குப் பொருந்தும். அடிநிலம் கறுத்த சேறாக இருந்தால் வெப்பத்தை இன்னும் அதிகமாக உள்வாங்கும். பிற்பகலில் அத்தகைய குடாவின் நீர் வெளி ஏரியைவிடச் சில டிகிரி சூடாக இருப்பது வழக்கமானது. அந்தச் சில டிகிரிக்காக முதலில் பூச்சிப்புழுக்களும் சிறு மீன்களும் வருகின்றன, அவற்றைத் தேடிப் பெரியவை வருகின்றன. ஆனால் சூடேறும் வேகத்திலேயே ஆறவும் செய்யும் நீர் அது. ஓர் இரவு கடுங்குளிரும் மறுநாள் நிர்மலமான வானமும் வந்தால், நேற்று நிறைந்திருந்த குடா இன்று காலியாக இருக்கும்.

ஆற்று வாயில் நீரோட்டம் இருக்கிறது. நீரோட்டம் இரையைக் கொண்டுவருகிறது. வால்ஐ போன்றவை முட்டையிட ஆற்றுக்குள் ஏறுவதும் அந்த வழியாகத்தான். ஆறு ஆழமற்றது என்பதால் பெரும்பாலும் ஏரிக்கு முன்பே சூடேறும். இங்கே ஒரு நிபந்தனை உண்டு. மலைப்பனி உருகி ஓடிவரும் ஆறு ஏரியைவிடக் குளிர்ந்தும் கலங்கியும் இருக்கும். அப்போது ஆற்று வாய் மீனைத் துரத்தும். கலங்கல் நீரும் தெளிநீரும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் மட்டும் வேட்டை நடக்கலாம். வரைபடத்தில் ஆற்றின் பிறப்பிடத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தாழ்நிலத்துச் சதுப்பிலிருந்து வரும் சிறு ஓடையே பனிமலையிலிருந்து வரும் பேராற்றைவிட வசந்தத்தில் நல்ல இடமாக இருக்கக்கூடும்.

பாறை முனைகளும் திட்டுகளும் பிந்தி உயிர்பெறுகின்றன. மீன்கள் அங்கே பெரியவை, கூட்டமும் பெரிது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆயினும் அங்கே நிற்க நல்ல படகு வேண்டும், ஆழம் காட்டும் சோனார் வேண்டும், காற்றில்லாத நாளும் வேண்டும். புதிய ஏரியில் இந்த மூன்றும் ஒருசேர அமைவது அரிது.

காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்பரப்பின் சூடான நீரைக் காற்று தன் திசையில் தள்ளிக்கொண்டுபோய் எதிர்க்கரையில் குவிக்கிறது. காற்று புறப்படும் கரையில் அடியிலிருந்து குளிர்நீர் மேலெழுகிறது. ஆகவே ஒரே திசையில் இரண்டு நாள் மென்காற்று வீசியபின், காற்று வந்து மோதும் கரையைத் தேடுவது வசந்தத்தில் பெரும்பாலும் பலன் தரும். அமைதியான கரை நமக்கு வசதி; மோதும் கரை மீனுக்கு வசதி.

ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இவ்வளவுதான்: சிறு படகில் அரை மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய வட்டத்துக்குள் ஆழமற்ற சேற்றுக் குடா, சிறு ஓடையின் வாய், திடீரென ஆழமிறங்கும் ஒரு முனை ஆகிய மூன்றும் இருக்கின்றனவா? ஆழ வரைபடத்தில் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு, விலகியிருந்தால் மென்சரிவு. நெருங்கிய கோடுகள் ஒரு குடாவின் வாயை ஒட்டி ஓடினால் அந்த இடத்தில் குறி போடுங்கள். வானிலை கெட்டால் மீன் குடாவிலிருந்து இறங்கி ஒதுங்குவது அந்தச் சரிவில்தான். மூன்றும் ஒன்றாக அமைந்த மூலையை ஏரியின் பிரபலமான பகுதிக்கு மேலாக வைப்பேன். புகழ்பெற்ற திட்டு பெரும்பாலும் கோடையில் சம்பாதித்த பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது.

கரையிலா, படகிலா, வழிகாட்டியுடனா?

கரையில் நின்று தூண்டில் போடுவதைப் பலர் கடைசித் தேர்வாக வைக்கிறார்கள். வசந்தத்தில் அது நியாயமில்லை. பல இன மீன்கள் ஆழமற்ற நீருக்கு வரும் பருவம் என்பதால், கரையிலிருந்தே எட்டக்கூடிய நீரில் அவை நிற்கின்றன. முதல் காலத்தில், பனிக்கட்டி விலகும் நாட்களில், கரையே மிகச் சிறந்த தேர்வு என்றும் சொல்லத் துணிவேன். அதன் குறை, காற்று திசை மாறினால் நீங்கள் கரை மாற முடியாது என்பதுதான். கரையின் எந்தப் பகுதி பொதுவானது, எது தனியார் நிலம் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகைப் படகா, சொந்தப் படகா என்றால், முதல் பயணத்துக்கு வாடகைப் படகே போதும். சொந்தப் படகு பழகியது, அதில் சோனார் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அறியாத ஏரியின் நீருக்கடியில் எங்கே பாறை இருக்கிறது என்பது அந்தச் சோனாருக்கும் முன்கூட்டித் தெரியாது. வசந்த வெள்ளம் அடித்துவந்த மரக்கட்டைகள் நீர்மட்டத்தோடு மட்டமாக மிதக்கும். வாடகைக்குக் கொடுப்பவரோ எந்த வழியாகப் போகக் கூடாது என்று சொல்லியனுப்புவார். அவருடைய அந்த இரண்டு நிமிடப் பேச்சுக்காகவே வாடகைப் படகை எடுக்கலாம். சொந்தப் படகை ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவதில் வேறொரு பொறுப்பும் சேருகிறது. வரிக்குதிரைச் சிப்பி எனப்படும், வெளியிலிருந்து வந்து ஏரிகளுக்குக் கேடு செய்யும் சிறு சிப்பியினம் வட அமெரிக்கப் பேரேரிப் பகுதியில் 1988-இல் கண்டறியப்பட்டது. பின்னர் படகுகளில் ஒட்டியும், அவற்றின் அடியில் தேங்கிய நீரில் கலந்தும் எத்தனையோ உள்நாட்டு ஏரிகளுக்குப் பரவிவிட்டது. படகைக் கழுவி, நீரை வடித்து, முற்றிலும் உலரவிட்டபிறகே அடுத்த ஏரியில் இறக்க வேண்டும்.

வழிகாட்டியை எல்லா நாட்களுக்கும் அமர்த்துவது தேவையற்றது. முதல் நாள் ஒன்றுக்கு மட்டும் அமர்த்துவதையே ஆதரிப்பேன். மீன் பிடித்துத் தருவதற்காக அவரை அழைக்காதீர்கள்; நீங்கள் தேர்ந்தெடுத்த மூலையைக் காட்டித்தரச் சொல்லுங்கள். எந்தத் திசைக் காற்றில் எந்த முனை ஆபத்தாகும், எந்த ஆழத்தில் இந்த வாரம் மீன் நிற்கிறது, செடிகள் எங்கே முதலில் முளைக்கின்றன என்று கேளுங்கள். பதிவு செய்யும்போதே இப்படி ஒரு நாள் வேண்டும் என்று சொல்லிவிட்டால் நல்ல வழிகாட்டிகள் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார்கள். கடைசி நாளில் அமர்த்தினால் அந்த அறிவைப் பயன்படுத்த நாளிருக்காது.

எந்தத் தேர்வானாலும் குளிர்நீரைக் குறைத்து எடைபோடக் கூடாது. வெயில் இதமாக இருக்கும் வசந்த நாளில் நீர் 8 டிகிரியில் இருக்கும். அதில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் இழுக்கும். அந்த நேரத்தில் வாய்க்குள் தண்ணீர் போய்விடுவதே பல மரணங்களுக்குக் காரணம். அடுத்த பத்து நிமிடத்துக்குள் கைகால்கள் வலுவிழக்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகலாம். அதுவரை முகம் நீருக்கு மேலே இருக்க வேண்டுமானால் லைஃப் ஜாக்கெட் உடலில் இருந்தாக வேண்டும், இருக்கைக்கு அடியில் இருந்து பயனில்லை. பரந்த, ஆழமற்ற ஏரிகளில் அலைகள் குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். சிறு படகுக்கு இவை கடலின் நீண்ட அலைகளைவிடத் தொல்லையானவை. ஈரி ஏரியில் பலத்த தென்மேற்குக் காற்று நீரை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தள்ளி, இரு முனைகளின் நீர்மட்டத்துக்கிடையே இரண்டு மீட்டருக்கு மேல் வேறுபாட்டை உண்டாக்கியிருக்கிறது. பெரிய நீரைக் கடந்துதான் மீன்பிடி இடத்துக்குப் போக முடியும் என்றால், எவ்வளவு நல்ல இடமானாலும் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

தங்குமிடமும் விதிகளும்

தங்குமிடத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. தினம் ஓர் ஊராக மாறித் தங்கி ஏரியைச் சுற்றிவருவதா, ஒரே இடத்தில் தங்குவதா என்றால் ஒரே இடம்தான். தேர்ந்தெடுத்த குடாவின் கரையிலேயே, நடந்துபோய்ப் படகில் ஏறும் தூரத்தில் இருக்க வேண்டும். வசந்தத்தில் சிறந்த நேரம் விடியற்காலை என்பதைவிடப் பிற்பகல் என்பதே பெரும்பாலும் பொருந்தும். நீர் சூடேற அவ்வளவு நேரம் வேண்டும். காற்று கிளம்பினால் கரைக்கு வந்து, அடங்கினால் மறுபடி இறங்க அருகிலேயே தங்கியிருப்பது உதவும். வசதியான அறையா, நீருக்கு அருகான அறையா என்று வந்தால் இரண்டாவதை எடுங்கள்.

விதிகளை மட்டும் கடைசிக்குத் தள்ளாதீர்கள். வசந்தம் மீன்கள் முட்டையிடும் பருவம் என்பதால் தடைக்காலங்கள் பெரும்பாலும் இப்போதுதான் வருகின்றன. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து உள்நாட்டு ஏரிகளில் வால்ஐ பருவம் மே நடுப்பகுதியில்தான் திறக்கிறது. இங்கிலாந்தின் ஆறுகளில் ட்ரௌட், சால்மன் தவிர்த்த நன்னீர் மீன்களுக்கு மார்ச் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ஏரியில் அனுமதி இருந்து, அதில் விழும் ஆற்றில் தடை இருக்கலாம். அப்போது ஆற்று வாயில் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஏரி இரண்டு மாநிலங்களுக்கோ நாடுகளுக்கோ பொதுவானது என்றால் உரிமமும் அளவுக் கட்டுப்பாடும் நீரின் நடுவிலேயே மாறும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தவுடன், அறையைப் பதிவு செய்வதற்கு முன், அந்தப் பகுதிக்கான அவ்வாண்டு விதிப்புத்தகத்தைப் படித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு செயற்கைக்கோள் படத்தை மறுபடி பாருங்கள். தங்குமிடத்துக்கு அழைத்துப் பிற்பகல் நீர் எத்தனை டிகிரி இருக்கிறது என்று கேளுங்கள். 6 டிகிரி என்றால் பைக்குக்கான பெரிய இரைகளும் அதன் பல்லில் நரம்பு அறுபடாமல் காக்கும் எஃகுக் கம்பி முன்னிணைப்பும், கரையிலிருந்து ஏரி ட்ரௌட்டுக்கு வீசும் தூண்டிலும் எடுத்துவைக்கலாம். 10 டிகிரி என்றால் வால்ஐ, பெர்ச் மீன்களுக்கான சிறு ஜிக்குகள், அதாவது தலையில் எடை வைத்த தூண்டில் முட்கள். குடா வாயின் சரிவில் மெதுவாக, மிக மெதுவாக இழுக்கத் தக்கவை. 14 டிகிரி என்றால் கூடுகள் உள்ள சரளையை விட்டு விலகி, வெளி முனைகளில் வால்ஐயையும் இன்னும் கூடமைக்காத பாஸையும் தேடுங்கள். மூன்று நிலையிலும் நீங்கள் போய் நிற்கப்போவது அதே மூலைதான்.